எட்டு நாட்கள் பூட்டிவைத்த டேப்லெட்டுகள்

அனுப்புநர்:
கணித ஆசிரியை,
ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
அரசு நடுநிலைப் பள்ளி.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: எட்டு நாட்கள் வகுப்பு நடத்தவில்லை எனக் கூறி வழங்கப்பட்ட இடமாறுதல் ஆணையை ஆண்டுத் தேர்வு முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளியில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டேப்லெட் உண்டு. நான் கேள்வி கேட்டதும் விடையை அழுத்துவார்கள். சரியென்றால் என் மேசைத் திரையிலும் தங்கள் அலுவலகத் திரையிலும் அவரவர் பெயருக்கு நேரே பச்சை விழும். சென்ற பருவம் முழுவதும் நாற்பது பேருக்கும் பச்சைதான். அதற்காகத் தாங்கள் என்னை மேடையேற்றிப் பாராட்டினீர்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

2. இம்மாதம் ஆறாம் தேதி இணைய இணைப்பு வேலை செய்யவில்லை. வேறு வழியின்றிக் கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தியைப் பலகைக்கு அழைத்து ½ + ¼ போடச் சொன்னேன். நெடுநேரம் நின்று, 2/6 என எழுதினாள். பிறகு பக்கத்து இடத்துக்காரியைக் காட்டி, “டீச்சர், எனக்கும் சேத்து அவதான் அமுக்குவா” என்றாள். விசாரித்தபோது, பெஞ்சுக்கு ஒரு கெட்டிக்காரர் நால்வருக்கும் அழுத்தி வந்தது தெரிந்தது. மற்ற முப்பது பேரும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியை நான் என் திறமை என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, ஐயா.

3. அன்றே டேப்லெட்டுகளை அலமாரியில் பூட்டினேன். எட்டு நாட்கள் ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து பின்னக் கணக்குப் போட்டார்கள். சத்தம் அதிகம்தான், பக்கத்து வகுப்பு ஆசிரியர் இருமுறை எட்டிப்பார்த்தார். தங்கள் அலுவலகத் திரையிலோ எட்டு நாளும் பூஜ்யம். தலைமை ஆசிரியரைக் கேளாமல் பூட்டியது என் தவறு. பூட்டியதற்காக வருந்தவில்லை.

4. ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. டேப்லெட்டோடு எனக்குப் பகையில்லை. திங்கள் முதல் மீண்டும் எடுக்கிறோம். ஒரு நேரத்தில் பெஞ்சுக்கு இருவர் மட்டும் அழுத்துவார்கள், நடுவில் நான் நடந்துகொண்டே இருப்பேன்.

5. தேர்வுக்கு இன்னும் ஏழு வாரமே உள்ளது. முப்பது பேருக்குப் பின்னம் பாதியில் நிற்கிறது. அதுவரை என்னை இங்கேயே விட்டுவைக்குமாறு பணிந்து கேட்கிறேன். அதன்பின் எங்கு அனுப்பினாலும் மறுபேச்சின்றிப் போவேன்.

இடம்: ஆசிரியர் அறை
நாள்: பதினாறாம் தேதி, வெள்ளி

இப்படிக்கு,
(ஒப்பம்)
கணித ஆசிரியை

இணைப்பு: மேற்படி மாணவியின் நேற்றைய விடைத்தாள். சென்ற பருவத்தில் அவளுக்குப் பத்துக்குப் பத்து. இதில் நான்கு. நான்கும் அவளே போட்டவை.