இலவசக் கண்

2006 ஏப்ரல் 11, செவ்வாய்

வெயில். காலையிலேயே உப்புப் பாத்தி கண்ணைக் கூச வைத்தது. உப்புக்கு நல்ல நாள். கிழக்குப் பக்கம் உப்பை வாரி அம்பாரமாகக் குவித்தாயிற்று. ஏழுமலை இன்று நேரத்துக்கு வேலைக்கு வந்தான், ஆச்சரியம்.

ஓட்டு வேன்கள் ஓயவில்லை. ஒருத்தன் கலர் டிவி கொடுப்பானாம். இன்னொருத்தன் அரிசி. அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? என் வரிப்பணத்தில் எனக்கே டிவி வாங்கிக் கொடுத்து, அதில் அவன் மூஞ்சியைக் காட்டுவான். அதற்கும் கைதட்ட ஒரு கூட்டம்.

உப்பு ஆபீஸ்காரன் ஒரு பக்கம். இனிமேல் அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாதாம். கழுத்து வீங்குமாம். மரக்காணத்தில் எத்தனை கழுத்து வீங்கிக் கிடக்கிறது என்று கேட்டேன். மேலிடத்து ஆர்டர் என்றான். மேலிடத்தில் இருப்பவன் உப்பைப் பாக்கெட்டில்தான் பார்த்திருப்பான்.

வாங்க வேண்டியது: தார்ப்பாய், மோட்டாருக்கு கிரீஸ், நல்லெண்ணெய்.

சாயங்காலம் அஞ்சலாட்சிக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். கல்யாணமான புதிதில் என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கிப் படித்தவள். ஐந்தாவது வரை போனவள். போன வருஷத்திலிருந்து எழுத்து தெரியவில்லை, எல்லாம் புகை என்கிறாள். அதனால் நான் படிக்கிறேன். உள்ளதை உள்ளபடி படித்தால் தூக்கம்தான் வரும். அங்கங்கே நானும் சேர்த்துக்கொள்வேன். ஏதோ ஓர் ஊரில் அமைச்சர் ஆஸ்பத்திரிக் கட்டடம் திறந்தார் என்று போட்டிருந்தது. "திறந்துவிட்டு, ஜுரம் என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்" என்று படித்தேன்.

"அப்படியேவா போட்டிருக்கான்?"

"அச்சடிச்சிருக்கான்."

விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த நாட்டில் என் பேச்சை நம்புகிற ஒரே ஆள் இவள்தான்.

ஏப்ரல் 15, சனி

காற்றே இல்லை. சோற்றில் மறுபடியும் கல். கடித்ததில் பல் கூசுகிறது. டிவி பார்த்தால் கண் கெடும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் டிவியே கிடையாது. அவளுக்குத்தான் கெட்டிருக்கிறது.

கிராமத்து நர்ஸ் ஸ்டெல்லா வந்தது. அஞ்சலாட்சியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தது.

"ரெண்டு கண்ணுலயும் புரை ஐயா. வலது கண்ணு நல்லா முத்திப்போச்சு. இருபத்தி நாலாந்தேதி இலவச முகாம் இருக்குது. வேன் வருது, பாண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ஆப்ரேஷன் பண்ணி, அவங்களே கொண்டாந்து வுட்டுடுவாங்க."

"சும்மா பண்றவன் எதையாவது எடுத்துக்காம அனுப்புவானாம்மா?"

"புரையத்தான் ஐயா எடுப்பாங்க."

வாய்த்துடுக்கு. சர்க்காரில் வேலை கிடைத்தால் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. இலவச முகாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கும்பலாகப் படுக்க வைத்து, படிக்கிற பிள்ளைகளை விட்டுப் பழகுவார்கள். இருக்கிற பார்வையும் போனால் ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு பன்ரொட்டி, ஒரு போட்டோ. வேண்டாம் என்றேன். சீசன் முடிந்ததும் பாண்டியில் நல்ல தனியார் ஆஸ்பத்திரியில் நானே காட்டுகிறேன்.

"போன வருஷமும் சீசன் முடியட்டும்னுதான் சொன்னீங்க" என்றாள் அ.

போன வருஷம் மழை முந்திக்கொண்டது. அதற்கு நான் என்ன செய்வேன்?

ஏப்ரல் 20, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. மனசு சரியில்லை.

மத்தியானம் அ. கூழ் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாள். வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. வெயிலில் எல்லாமே வெள்ளைதான். நேராகப் பாத்திக்குள் இறங்கி விழுந்துவிட்டாள். நாளைக்கு வார வேண்டிய உப்பு. கூழ் முழுக்க அதில் கொட்டிவிட்டது. நான் என்ன சொன்னேன் என்றால், "உப்பு போச்சே" என்று சொன்னேன்.

ஏழுமலைதான் ஓடிப்போய்த் தூக்கினான். முட்டியில் தோல் உரிந்து அதில் உப்புத் தண்ணீர். எவ்வளவு எரிந்திருக்கும். சத்தமே போடவில்லை.

"அம்மாவ இன்னாத்துக்கு மொதலாளி இம்மாந்தூரம் நடக்க வுடுறீங்க?" என்று என்னைக் கேட்கிறான். கூலி கொடுக்கிறவனையே கேள்வி கேட்கிற காலம்.

சாயங்காலம் பேப்பர் எடுத்தேன். "இன்னிக்கு வேணாம்" என்றாள்.

ஏப்ரல் 24, திங்கள்

பாத்தியிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்.

"அக்கா கண்ணு வேன்ல போயிட்டாங்க. சோறு ஆக்கி வெச்சிருக்காங்களாம், கொழம்ப மட்டும் சூடு பண்ணிக்கச் சொன்னாங்க."

சூடு பண்ணவில்லை. சாப்பிடவும் இல்லை.

என்னைக் கேட்காமல் அவள் சந்தைக்குக்கூடப் போனதில்லை. கத்திக்குக் கண்ணைக் கொடுக்கப் போயிருக்கிறாள். அந்த நர்ஸின் வேலை. மேலே எழுதிப் போட வேண்டும். யாருக்கு எழுதுவது? அங்கே இருப்பவனும் அவர்கள் ஆள்தான்.

குருடாகித் திரும்பி வந்தால்? பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

முதல் பஸ்ஸில் பாண்டி. டிக்கெட்டுக்குச் சில்லறை தராமல் முறைத்த கண்டக்டர். கோட்டக்குப்பத்தில் கட்சி ஊர்வலம், பஸ் நகரவில்லை. சாபம் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு.

போவதற்குள் ஆப்ரேஷன் முடிந்துவிட்டது. வலது கண்ணில் கட்டு. வரிசையாகப் படுக்கை, எல்லாம் நம் பக்கத்துக் கிழவன் கிழவிகள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் சுற்றிப் பார்த்தேன். தரை கழுவியிருந்தது. படுக்கை விரிப்பு வெளுப்பு. கக்கூஸில்கூடத் தண்ணீர் வந்தது. சாம்பார் மட்டும் சப்பென்று இருந்தது. அயோடின் உப்பாக இருக்கும்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். "இவ்வளவு முத்தற வரைக்கும் ஏன் ஐயா வுட்டீங்க? இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாம போயிருக்கும்."

சீசன் என்று சொல்ல வாய் வரவில்லை.

என் குரல் கேட்டதும் அ. கையை நீட்டித் தேடினாள். "சாப்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அழைத்துக்கொண்டு வரவில்லை. வேனிலேயே வரட்டும்.

மே 8, திங்கள்

ஓட்டு. புழுக்கம். பள்ளிக்கூடத்தில் வரிசை நகரவில்லை. மை வைக்கிறவன் தூங்கி வழிகிறான். அ. கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். போன தடவை நான் சொன்ன சின்னத்தில் அழுத்தினாள். இந்தத் தடவை சின்னமெல்லாம் பளிச்சென்று தெரிந்ததாம்.

"யாருக்குப் போட்ட?"

"போட்டாச்சு."

"அதான் யாருக்கு?"

"வெயில் ஏறுது, வீட்டுக்குப் போலாங்க."

டிவிக்குத்தான் போட்டிருப்பாள். கண் வந்துவிட்டதே, பார்க்க வேண்டாமா?

மே 19, வெள்ளி

கோடை மழை. திறந்து கிடந்த அம்பாரம் ஒன்று கரைந்தது. தார்ப்பாய் போட மறந்த ஏழுமலை மழையைக் குறை சொல்கிறான். ஆட்சி மாறிவிட்டது. கொசு மாறவில்லை. ஊரே வெடி வெடித்துக் கொண்டாடுகிறது. வெடித் தாளைப் பொறுக்க ஆளில்லை.

சோற்றில் கல் இல்லை. பல்லி எச்சம் கிடந்த பரணையெல்லாம் துடைத்துவிட்டாள். "இத்தினி நாளும் இந்த அழுக்குலயா இருந்தோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஜூன் 4, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. நேற்று ஸ்டெல்லா மூக்குக்கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தது. இலவசம். ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

காலையில் குளித்துவிட்டு வருகிறேன், பேப்பர் அவள் மடியில். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். முதல் பக்கம், உள்பக்கம், வரன் விளம்பரம் எல்லாம். ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, நீங்க படிக்கிற மாதிரி இதுல ஒண்ணுமே இல்லியே."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. அப்படித்தான் இருக்கும்."

"நேத்து பேப்பரயும் பாத்தேன். முந்தாநேத்தும் பாத்தேன்."

ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேப்பர் அவள் கையில்தான். இப்போது விரல்கூட வைக்கவில்லை, உதடும் அசையவில்லை. மனசுக்குள்ளேயே படிக்கிறாள். அவள் தாள் புரட்டுகிற சத்தம் மட்டும். ரொம்பத் தனியாக இருந்தது.

"இன்னா போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் கண்ணு நல்லா இருக்குதே. நான் முடிச்சதும் தர்றேன், படிச்சிக்குங்க."