பரமேஸ் மாமியின் உப்புத்தண்ணீர்

என் உயிர் அக்கா,

உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். அவ்வளவு கோபம். யுத்தத்தில் போட்ட பொருளாதாரத் தடையால் கடைகளில் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் சவர்க்காரம் இல்லை, வீட்டில் காய்ச்சுவோம் என்றவள் நீ. அதற்கென்று, பட்டால் தோலையே எரிக்கிற கோஸ்ரிக் சோடாவைக் கரைத்துத் தண்ணீர் குடிக்கிற போத்தலில் ஊற்றி வைத்ததும் நீ. வெயிலில் வந்து, மறந்துபோய் அதையே எடுத்து விழுங்கியதும் நீ. விசரி, வேறு போத்தலா கிடைக்கவில்லை உனக்கு?

பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமிதான் முதலில் ஓடிவந்தார். முன்பு அலரிக்காய் தின்ற குழந்தையை உப்புத்தண்ணீர் பருக்கி, தின்றதையெல்லாம் சத்தி எடுக்க வைத்துக் காப்பாற்றியவர் அல்லவா? அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் அவர்தான் டொக்டர். உனக்கும் அதையே செய்தார்.

ஆசுப்பத்திரியில்தான் நேர்ஸ் எனக்கு விளங்கப்படுத்தினார். உள்ளே போகும்போது எரித்த கரைசல், சத்தியாய்த் திரும்பி வரும்போதும் எரித்து, மூச்சுக்குழாய்க்குள்ளும் சுவாசப்பைக்குள்ளும் இறங்கிவிட்டதாம். உன் குரல் போனது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதற்குள்ளால் சளியும் இரத்தமுமாய் நீ மூச்சு இழுத்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

உன் செத்தவீட்டில் மாமி வந்தவர்களிடமெல்லாம், தான் உடனே சத்தி எடுக்க வைத்தபடியால்தான் நீ அவ்வளவு நாளாவது இருந்தாய் என்றார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையை எப்படிச் சொல்வது?

போன கிழமை ஒழுங்கையின் கடைசி வீட்டுக் குழந்தையும் கோஸ்ரிக் கரைசலைக் குடித்துவிட்டது. மாமி உப்புத்தண்ணீரோடு வந்தார். நான் செம்பைத் தட்டிவிட்டேன்.

"சத்தி எடுக்க வைக்காதேங்கோ மாமி. நெஞ்சுக்குள்ளை போயிடும்."

குழந்தையைச் சைக்கிளில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு அனுப்பினோம். வாய் வெந்திருக்கிறது. மூச்சுக்கு ஒன்றுமில்லை, அழுகிற குரலும் அப்படியே இருக்கிறது.

பின்னேரம் மாமி வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிள்ளை, அப்ப உன்ரை அக்காவுக்கு நான் செய்தது பிழையே?"

"ஓம் மாமி" என்றேன்.

அவர் அழவில்லை. வாசல்படிவரை போய்த் திரும்பிக் கேட்டார்.

"அது அவளுக்குத் தெரியுமே?"

நேர்ஸ் சொன்னபோது நீ விழித்துத்தான் கிடந்தாய், அக்கா. எல்லாம் கேட்டாய். மறுநாள் உன்னைப் பார்க்க வந்த மாமியின் கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்துக்கொண்டாய். ஏன் அப்படிச் செய்தாய்? அன்றைக்கு எனக்கு உன்மீதும் ஆத்திரம் வந்தது.

நீ காட்டிக்கொள்ளாததை நானும் காட்டிக்கொடுக்காமல், "தெரியாது மாமி" என்று சொல்லிவிட்டேன். இதை வாசிக்கிறவர்களும் அவரிடம் வாய் திறக்கவேண்டாம். நான் சாகும்வரைக்கும் தெரியாது என்றே சொல்வேன், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி