மூன்றாவது பாட்டில் அம்மா

அண்ணா,

நேரில் என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அதனால் எழுதி உன் அறைக் கதவிடுக்கில் செருகுகிறேன்.

"வீட்டுல டிகிரி முடிச்சவ நீதானே, என் ஆல்பத்தப் பத்தி நாலு வரி எழுதிக் குடு" என்றாய். எழுத வரவில்லை. இசைக்குழுவில் நண்பர்களோடு கிட்டார் நன்றாகத்தான் வாசிக்கிறாய். நீ தனியாகப் போனில் பதிவு செய்த இந்தப் பாட்டெல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து முனகுவது போலிருக்கிறது. கேட்டால் கரகரப்புதான் அழகு என்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மூன்றாவது பாட்டில் தாளத்துக்குப் பதிலாக அம்மாவின் இருமலை வைத்திருக்கிறாய். பக்கத்து அறையிலிருந்து, அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறாய். அவளுடைய ரிப்போர்ட் வந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "ரெக்கார்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசு" என்றாய்.

அம்மா அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டாள்.

"ஏன்டி, பாட்டுக்கு நடுவுல நான் எதுக்கு இருமறேன்? முன்னாடியே சொல்லியிருந்தா தண்ணி குடிச்சிட்டு வந்திருப்பேன்ல?"

உன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

அந்தப் பாட்டை எடுத்துவிடு. இப்போதெல்லாம் உன் கிட்டார் சத்தம் கேட்டாலே வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு வாங்க மாடிக்கு ஏறிவிடுகிறாள். உன் பாட்டு கெட்டுவிடுமாம்.

தங்கை