சாமான் சாயாது

மார்ச் 3, ஞாயிறு

சாப்பாட்டு மேசையை மலை பிடித்துக்கொண்டது. இவர் வரைபடத்தை விரித்து, அதன்மேல் கண்ணாடிப் பலகையும் போட்டுவிட்டார். தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். தண்ணீர் சிந்தினால் கணவாய் நனைந்துவிடுமாம்.

ஐந்து கணவாய்கள். இவர் ஒரு மோட்டார் சைக்கிள், என் தம்பி ஒன்று. ஜூலையில் பனி உருகி வழி திறந்ததும் கிளம்புவது. மாமாவும் மச்சானும் ஆறு வருஷமாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசை இருக்கு தாசில் பண்ண என்று விட்டுவிடுவேன். இந்த வருஷம் நிஜமாகவே இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டார்கள்.

நீயும் வர்றியா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, புதன்

இவருக்குக் குடோனில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. எது கீழே, எது மேலே, எது உடையும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு கேள்வி கிடையாது. வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் நிறுத்துப் பேப்பர் டேப் ஒட்டி, மார்க்கரில் எடை எழுதுகிறார். கூடாரம் 4. அடுப்பு 2. பாத்ரூமில் இருந்த எடை மெஷின்மேல் மோட்டார் சைக்கிளையே ஏற்றினார், முன்சக்கரம் தனியாக, பின்சக்கரம் தனியாக. அதன் பிறகு யார் ஏறினாலும் அது 93 என்கிறது. புது மெஷின் வந்தாச்சு.

மார்ச் 15, வெள்ளி

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது நான் மாட்டிக்கொள்கிற ஈய அங்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்டார். வண்டியின் பின்னால் கட்டிப் பாரம் பழக வேண்டுமாம். ஆஸ்பத்திரிச் சொத்து, தரமாட்டேன் என்றேன். முகம் தொங்கிப்போச்சு.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அப்போ நீயே வா" என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

எங்கள் ஊரில் மேடு என்றால் வேகத்தடைதான். ஆகவே மலைப்பயிற்சி எங்கள் ஆஸ்பத்திரிக் கார் பார்க்கிங்கில். ஆறு மாடி, சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்மாடிகள் காலி. காவலாளி என் முகத்துக்காக விட்டார்.

"கூடாரம், அடுப்பு, துணி, டூல்ஸ் எல்லாம் சேர்த்தா கரெக்டா உன் வெயிட்தான். ஏறிக்கோ."

ஏறிக்கொண்டேன். மெதுவாப் போங்க என்று ஒரு வார்த்தை சொன்னேன். "பேசாதே. சாமான் பேசாது" என்றார். சரி, பேசவில்லை.

வளைவு வந்தால் இவர் சாய்வதற்கு முன்பே நான் சாய்ந்துவிட்டேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் கியர் வண்டியில்தான் காலேஜுக்குப் போனேன். பின்னால் உட்கார்ந்தவள் மரக்கட்டை மாதிரி இருந்தால் இறக்கிவிட்டுவிடுவேன். இந்த வீட்டில் அது யாருக்கும் ஞாபகமில்லை. நான் இப்போது ஸ்கூட்டர்க்காரி.

உச்சி மாடியில் வண்டியை நிறுத்தி, "பாத்தியா, எப்படி வளைக்கிறேன்" என்றார். தம்பி கைதட்டினான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வெளியே சொன்னால் வெட்கக்கேடு. வாரம் பூராவும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.

ஆறாவது மாடியில் நல்ல காற்று. அங்கிருந்து பார்த்தால் ஊர் தட்டையாக, மடித்துவைத்த போர்வை மாதிரிக் கிடக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் டயர் காற்றைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

நானும் போகணும். எனக்கும் அந்த மலை வேணும். பக்கத்து வீட்டுக்குப் போற மாதிரி ரெண்டு ஆம்பிளைங்க கிளம்புறாங்க, நான் வழியனுப்பிட்டு வந்து பாத்திரம் கழுவணுமா? — சொல்லிவிட்டேன். நோட்டில்தான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையிலிருந்து ஆட்கள் என் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். மத்தியானம் நர்ஸ் என் ஜாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து எதையோ பிய்த்துக் கையில் கொடுத்தாள். "என்னக்கா இது, விலையா?"

பேப்பர் டேப். 58.

வீட்டுக்கு வந்து இவர் முன்னால் நீட்டினேன். "ஓ, அங்க ஒட்டிட்டேனா? அதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார். வாங்கி, வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டினார்.

மனுஷனா இவரு? ஒரு வார்த்தை. நீயும் வர்றியான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்கலாமில்ல. வாய்ல என்ன கொழுக்கட்டையா?

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி என்று சொல்லிவிட்டேன். "பரவால்ல, எப்படியும் தண்ணி கேனுக்கு மாத்தணும்னுதான் இருந்தேன்" என்றார். அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் கேட்காது.

ஏப்ரல் 14, ஞாயிறு

டூட்டி. கூட்டமில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

மூன்று மணிவாக்கில் ஸ்ட்ரெச்சரே இல்லாமல் ஒரு கேஸ் நடந்து வந்தது. வலது மணிக்கட்டு வீக்கம். தலை முதல் கால் வரை தண்ணீர் சொட்டுகிறது. என் வீட்டுக்காரர்.

கூட வந்த தம்பிதான் சொன்னான். "அக்கா, மாமா வளைச்சாரு, வண்டி வளையல. நேராப் போய் தூண்ல இடிச்சிடுச்சு. கேன் எல்லாம் உடைஞ்சு போச்சு."

"தரையில எண்ணெய்" என்றார் இவர். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

தம்பியை வெளியே அனுப்பினேன். இவர் கையை மேசைமேல் வைத்து, விரல்களை விரித்துவிட்டு, "அசையாதீங்க" என்றேன். வலிக்குது என்றார். "பேசாதீங்க. சாமான் பேசாது." இதைச் சொல்ல எத்தனை ஆசையாக இருந்தேன். சொன்ன பிறகு ஒரு ருசியும் இல்லை.

ஏனென்றால் வண்டி ஏன் வளையவில்லை என்று தம்பி வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்தால் என்ன? கட்டு பிரித்ததும் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அங்கே வளைவில் தூண் இருக்காது. ஒன்றுமே இருக்காது. சொன்னால் அதற்கும் ஏதாவது வழி கண்டுபிடிப்பார், சாமானைத் தம்பி வண்டியில் ஏற்றுவார், என்னை விட்டுவிட்டுப் போவார். போகட்டும். முழுசாகத் திரும்பி வந்தால் போதும்.

"தண்ணி கேன் சாயாதுங்க" என்றேன். "நான் சாஞ்சேன். ஒவ்வொரு வளைவுலயும் உங்களுக்கு முன்னாடி நான்தான் சாஞ்சேன். அதனாலதான் வண்டி வளைஞ்சுது."

படம் எடுத்தேன். மயிரிழை விரிசல். மாவுக்கட்டு.

வீடு வரைக்கும் இவர் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார், மரக்கட்டை மாதிரி.

மே 4, சனி

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து வாசற்படியில் நின்றார். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, ஏதோ பார்சல் கொடுக்க வந்தவர் மாதிரி.

"மலைக்கு... நீ வர்றியா?"

"எதுக்கு? சாயறதுக்கா?"

ரொம்ப நேரம் யோசித்தார். பேக்கிங்கில்கூட இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

"இல்ல. கூட."

அவ்வளவுதான். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வாரம் தவிக்கட்டும்.

மே 6, திங்கள்

ஒரு வாரம் தாங்கவில்லை. காலையிலேயே வர்றேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே.

ஜூன் 12, புதன்

கட்டுப் பிரித்தார்கள். கை வாழைத்தண்டு மாதிரி இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்து முன்பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். விரல் மடங்குகிறது, அழுத்தம் இல்லை. இந்த வருஷம் பெரிய வண்டி கூடாது என்று எலும்பு டாக்டரும் சொல்லிவிட்டார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் இவர். வரைபடத்தின் மேல் இருந்த கண்ணாடியைத் தூக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஆறு வருஷமா இதைத்தானே சொல்றீங்க! வண்டி ஓட்டத்தான் கை வேணும். பின்னாடி உக்கார என்னத்துக்கு?"

புரியவில்லை. முழித்தார். சாவியை வாங்கினேன், கிக்கரை உதைத்தேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மற்றதெல்லாம் அப்பா வண்டிதான். தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "அக்கா, உனக்கு ஓட்ட வருமா?" வரும்டா. கேட்டால்தானே சொல்வதற்கு.

இவர் கண்ணாடியை மறுபடி மேசைமேல் வைத்தார். பிறகு பாத்ரூமுக்குள் போனார். எடை மெஷினின் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது சட்டையில், நெஞ்சுக்கு நேராக, பேப்பர் டேப். 72.

"ஏத்திப் பாரு" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

கார் பார்க்கிங். இவரை ஏற்றிக்கொண்டு ஆறு மாடி. காவலாளி சல்யூட் அடித்தார், யாருக்கென்று தெரியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

மூன்றாவது கணவாய். உச்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் விறைத்து எழுத்து கோணுகிறது. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று நாள் முழுக்க நோயாளிகளுக்குச் சொல்கிறவள் நான். இங்கே இழுத்தால் பாதிதான் வருகிறது.

சாமான் எல்லாம் தம்பி வண்டியில். இடது பக்கம் அதிகம் என்று அவன் காலையிலிருந்து புலம்புகிறான். எந்த மூட்டையை எங்கே மாற்றுவது என்று மாமா கை காட்டிக்கொண்டிருக்கிறார். அது அவர் தொழில், அதில் நான் தலையிடுவதில்லை.

கீழே பார்த்தால் வந்த வழி நூல் மாதிரித் தெரிகிறது. முதல் கணவாயில் இவர் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார், வளைவுக்கு வளைவு திட்டினேன். இரண்டாவதில் சாய்ந்தார், தப்பான பக்கம். உயிர் போய் வந்தது. இன்றைக்கு அடிவாரத்திலிருந்து இதுவரை ஒரு தடவையும் திட்டவில்லை. சில வளைவுகளில் பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை, நான் நினைத்ததும் வண்டி திரும்பியது.

உச்சியில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். கண்ணில் தண்ணீர். காற்று என்று சொல்லலாம், யார் கேட்கப் போகிறார்கள். நல்லா ஓட்டினே என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன்.

இவர் இறங்கி, இடுப்பை நிமிர்த்தி, "பாத்தியா, எப்படி சாயறேன்" என்றார்.

முன்னால் இருந்தவள் நான், எங்கே பார்த்தேன். ஆனாலும், "ம், நல்லா சாஞ்சீங்க" என்றேன்.