மலைநாட்டுக்கு ஒரு மாருத்

கொழிஞ்சாம்பாறை,
18-1-1978

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

இது சண்டைக் கடிதம் இல்லை, பயப்படாமல் பிரி. போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? நான் சுகம். குப்பண்ணன் பட்டறையில் பம்புசெட் வேலை ஓய்வில்லாமல் வருகிறது.

ஒரு உதவி வேண்டும். மார்ச் கடைசியில் பாலக்காட்டில் எங்கள் முன்னாள் ராணுவத்தார் சங்கம் கண்காட்சி வைக்கிறது. நான் மாருத் விமானத்தின் மாடல் செய்து வைக்கப்போகிறேன். ஏர்ஃபோர்ஸில் பதினைந்து வருஷம் எத்தனையோ விமானத்தில் கை வைத்தேன். மனசுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நம் நாட்டிலேயே செய்த ஜெட். ஆனால் வெளிநாட்டுக்காரன் ஒருவனும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதைத்தான் செய்யப்போகிறேன்! எகிப்து வாங்கியதாக வைத்துக்கொண்டு, மேலே மணல் நிறம், அடிவயிற்றில் வெள்ளி. நினைத்தாலே கை பரபரக்கிறது.

அந்த வெள்ளிக்குத்தான் உன்னிடம் வருகிறேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுவீர்களே, அந்த ஈயத்தாளில் கிழிசல் இருந்தால் கொஞ்சம் அனுப்பு.

இரண்டு வருஷமாக நீ இறங்கி வரமாட்டேன் என்கிறாய், நான் ஏறி வரமாட்டேன் என்கிறேன். ஜெட் விமானத்தைத் தொட்ட கையால் எஸ்டேட் கேட்டில் வாச்சர் கம்பைப் பிடிக்க எனக்கு மனசில்லை. நீ இங்கே வந்துவிடு. இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்லத்துரை


சூரியநெல்லி,
27-1-1978

அன்புள்ள மாமாவுக்கு,

ராமுத்தாய் எழுதுவது. இருமல் போய்விட்டது. ஒரு வரிதான் என்றாலும் கேட்டீர்களே, சந்தோஷம். மீதிக் கடிதம் முழுக்க உங்கள் மூத்த சம்சாரம் மாருத்தைப் பற்றித்தான் இருந்தது.

ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஈயத்தாள் எடுத்தேன். இத்துடன் ஒரு சுருள் அனுப்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சும்மா வைத்துக்கொள்கிற நாட்டை ஏன் பாலைவனமாக வைத்துக்கொள்ள வேண்டும்? மலைநாடு ஒன்றும் அகப்படவில்லையா? உங்களுக்குத்தான் மலை ஆகாது, விமானத்துக்குமா ஆகாது?

பெட்டிப் பலகை இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, மெல்லிசு, ஆனால் வளையாது. இறக்கையை நானே வெட்டித் தருகிறேன். சிரிக்க வேண்டாம். பாக்கிங்கில் பெட்டி அடித்து அடித்து என் கைக்கும் மரம் பழகியிருக்கிறது. படம் போட்டு அனுப்புங்கள்.

வருவதைப் பற்றி: பதினெட்டு வருஷம் வேலை பார்த்து நிரந்தரமானவள் நான். விட்டுவிட்டு வந்தால் வேலையும் போகும், வீடும் போகும். வாச்சர் வேலை வேண்டாமென்றால் வேண்டாம், சும்மா வாருங்கள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் நாலு மாசம் சாப்பிட்டால் செரிக்காதா?

இப்படிக்கு,
ராமுத்தாய்


கொழிஞ்சாம்பாறை,
4-2-1978

என் ராமுத்தாய்க்கு,

சுவிட்சர்லாந்து! ராத்திரியே எழுதியிருப்பேன், தபால் கவர் கைவசமில்லை. மலைநாடு என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. மலையைக் குடைந்து உள்ளே விமானத்தை நிறுத்துகிறார்களாம் அந்த ஊர்க்காரர்கள். சர்வீஸில் இருந்தபோது ஒரு பத்திரிகையில் படித்தேன். மலை இடுக்கிலிருந்து நம் மாருத் சீறிக்கொண்டு வெளியே வருவதை நினைத்துப் பார்! எகிப்தைத் தூக்கிப் போட்டாயிற்று. மணல் நிறமே வேண்டாம், முழு உடம்புக்கும் உன் ஈயத்தாள். அவர்கள் அடையாளம் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைச் சிலுவை. உங்கள் டிஸ்பென்சரிப் பலகையின் நிறத்தை மாற்றிப் போட்டால் அதுதான்.

இறக்கைக்குப் படம் இத்துடன் இருக்கிறது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 18. உடம்பு 32, அதை நான் இழைத்து முடித்துவிட்டேன். மூக்கு அப்படியே அமைந்திருக்கிறது. குப்பண்ணன் பட்டறை வேலையை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

செரிக்குமா என்று கேட்டிருந்தாய். அதை விமானம் முடிந்த பிறகு பேசுவோம்.

உன்,
செல்லத்துரை


சூரியநெல்லி,
2-3-1978

அன்புள்ள மாமாவுக்கு,

இறக்கை முடிந்தது! ஏசுரத்தினம் அண்ணன் லாரியில் பொள்ளாச்சி வரை வரும், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கோணியில் சுற்றித் தைத்திருக்கிறேன், பார்த்துப் பிரியுங்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குருவம்மாள்கூட, “என்னக்கா, தனியாப் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்க?” என்று கேட்டாள். ஃபேக்டரி பிட்டர் சங்கையா அண்ணனிடம் இழைப்புளியும் அளவுகோலும் வாங்கி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, “ஏத்தா ராமுத்தாயி, இம்புட்டு நீளமா? உம் புருசன் அதுல ஏறிப் பறக்கப் போறாரா?” என்றார். “எம் மாமா போட்ட கணக்கு தப்பாதுண்ணே” என்று சொல்லிவிட்டேன். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் வழவழவென்று இருக்கிறது. விரலில் இரண்டு கீறல், அவ்வளவுதான்.

பொருத்தியதும் உடனே எழுதுங்கள். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

ராமுத்தாய்


கொழிஞ்சாம்பாறை,
8-3-1978

ராமுத்தாய்க்கு,

இறக்கை வந்தது. என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? நான் எழுதியது பதினெட்டு சென்டிமீட்டர். நீ பதினெட்டு அங்குலம் வெட்டி அனுப்பியிருக்கிறாய்! என் உடம்பு ஒரு முழம்கூட இல்லை, அதில் இதை எங்கே வைக்க? குப்பண்ணன் பார்த்துவிட்டு, “ஏனுங்க, கோழிக்குஞ்சுக்கு மயில் றெக்கை வெச்சாப்பல இருக்குதுங்களே!” என்கிறார். பட்டறையே சிரிக்கிறது.

கண்காட்சிக்கு மூன்று வாரம்கூட இல்லை. புதிதாகச் செய்ய நேரமில்லை, இதையே வெட்டிச் சிறிதாக்கிக்கொள்கிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

செல்லத்துரை


சூரியநெல்லி,
13-3-1978

மாமாவுக்கு,

வெட்டாதீர்கள்.

படத்தில் 18 என்று எழுதியவர் நீங்கள். சென்டிமீட்டரா அங்குலமா என்று பக்கத்தில் எழுதினீர்களா? வெள்ளைக்காரன் காலத்து ஃபேக்டரி இது. பெட்டியும் அங்குலம், ஆணியும் அங்குலம். வெறும் பதினெட்டு என்றால் எனக்கு அதுதான் தெரியும்.

மூன்று வாரம் நான் தேய்த்த இறக்கை அது. உங்கள் உடம்புக்குச் சரியாக வர வேண்டுமென்றால் நான் குறைய வேண்டும், எப்போதும் இதுதானே? வேலையைக் குறை, வீட்டை விடு, இறங்கி வா. நானும் பெண்ணாயிற்றே, விட்டுக்கொடுத்தால் என்ன என்று இரண்டு வருஷம் யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியாது. வெட்டுவதாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ராமுத்தாய்


கொழிஞ்சாம்பாறை,
21-3-1978

என் ராமுத்தாய்க்கு,

வெட்டவில்லை. ரம்பத்தை எடுத்து வைத்தபோதுதான் தபால்காரர் உன் கடிதத்தை நீட்டினார். படித்துவிட்டு ரம்பத்தைத் திருப்பி ஆணியில் மாட்டினேன்.

தப்பு என்னுடையதுதான். அங்குலமா சென்டிமீட்டரா என்று எழுதாத படத்தை ஏர்ஃபோர்ஸில் கொடுத்திருந்தால் சார்ஜன்ட் என் தோலை உரித்திருப்பார். உனக்குக் கொடுத்துவிட்டு உன்னையே ஏசினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

ஆனால் கேள்! இறக்கையை மேஜைமேல் வைத்து அளந்தேன். இம்மி பிசகவில்லை. பின்பக்கச் சாய்வு, முனை வளைவு எல்லாம் பட்டறையில் என்னால்கூட இப்படி வெட்ட முடியாது. இது பதினெட்டு அங்குலம் என்றால் உடம்பு முப்பத்திரண்டு அங்குலம் இருந்தால் போதும். கணக்கை மாற்றவே வேண்டியதில்லை ராமுத்தாய், அதே எண், அங்குலமாக எடுத்துக்கொண்டால் சரி! செய்து வைத்த குட்டி உடம்பை அடுப்பில் போட்டுவிட்டு, குப்பண்ணனிடம் இலவ மரம் ஒரு துண்டு கேட்டு வாங்கி ஆரம்பித்துவிட்டேன். முழங்கை வரை மரத்தூள். எவ்வளவு பெரிய விமானம்! இப்போதுதான் மாருத் மாதிரி இருக்கிறது.

கண்காட்சிக்கு முடியாது. சங்கத்துக்கு எழுதிச் சொல்லிவிட்டேன். போகட்டும்.

உன்,
செல்லத்துரை


சூரியநெல்லி, உன் வீடு,
17-4-1978, மத்தியானம் இரண்டு மணி

ராமுத்தாய்,

ஃபேக்டரி கேட்டில் வாச்சர் என்னை உள்ளே விடவில்லை. யார் என்று கேட்டார். ராமுத்தாய் புருஷன் என்று சொன்னேன். சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனாலும் ஷிப்ட் முடியட்டும் என்று சொல்லிவிட்டார். குருவம்மாள் சாயங்கால வேலைக்கு வருகிறாள், இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். வீட்டுச் சாவியும் அவள்தான் தந்தாள்.

உடம்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். உடுமலைப்பேட்டையிலிருந்து மலை ஏறி முடிகிறவரை கையை எடுக்கவில்லை. உன் இறக்கையைக் குப்பண்ணனே பஸ் வரைக்கும் தூக்கி வந்து ஏற்றினார். வந்ததும் வராததுமாகப் பொருத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இழைக்க வேண்டியிருந்தது, உடம்பைத்தான் இழைத்தேன், இறக்கையைத் தொடவில்லை. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது! ஈயத்தாள் இன்னும் ஒட்டவில்லை. அது உன் கைவேலை, நீ வந்துதான் ஒட்ட வேண்டும்.

எனக்கு என்ன வேலை கிடைக்கும், கிடைக்காது, ஒன்றும் தெரியாது. உன் சம்பாத்தியத்தில் சாப்பிடுவேன், செரிக்கும். உலை வைத்துவிட்டேன், அரிசிப் பானையைத்தான் காணவில்லை.

சங்கு ஊதியதும் நேரே வா. என் டிரங்குப் பெட்டியை உன் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

உன்,
செல்லத்துரை