புகை உள்ளே போகிறதா?

சாமி,

இன்று வெள்ளிக்கிழமை. நவி மும்பை வாஷியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு லோபான் போடுகிறவர் வந்தார். சாம்பிராணிச் சட்டியைக் கடை முழுக்க ஆட்டிவிட்டு, பானட் தூக்கி நின்ற ஒரு காரின் முன்னாலும் காட்டினார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. புகை நேராக முன்கம்பிகளுக்குள் போய் மறைந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் மூன்று வருடம் ஆகிவிட்டது, இந்த மடலை எந்தப் பெட்டியில் போடுவாய் என்று கேலி பண்ணாதே. நீ இருந்தவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. தினமும் பத்து மணி நேரம் ஒரே தகரக் கூரையின் கீழ் கூட நிற்கிறவனுக்கு எவன் கடிதம் எழுதுவான்?

எண்பதுகளில் தாராவி அறுபதடி ரோட்டுச் சந்தில் நம் கார் ஏசிக் கடை இருந்தது. கேஸ், குழாய், கம்ப்ரசர் எல்லாம் என் பாடு. வயரும் மோட்டாரும் உன் பாடு. மாட்டுங்காவில் உன் வீட்டு ஆண்கள் எல்லோரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். நீ மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து காருக்கு அடியில் படுப்பாய். நீ என்னை பாய் என்பாய், நான் உன்னைச் சாமி என்பேன். அதுதான் நம் பெயர் என்றே சந்தில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

செம்பூர் சேட்டின் அம்பாசடர் உனக்கு மறந்திருக்காது. அதை ஓட்டியவர் செல்லையா அண்ணாச்சி, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சேட் பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருந்தார். வேலை போனால் அறையும் போகும்.

அந்த வண்டிக்கு ஏசி வைத்தது நாம்தான். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கம்பிவலை, அதற்கும் முன்னால் தனியாக ஒரு ஃபேன். அந்த ஃபேனின் மோட்டார் கருகிப்போன வாரம் உன் தங்கைக்குக் கல்யாணம், நீ கடைக்கு வரவில்லை. குர்லா பழைய சாமான் கடையில் வேறொரு மோட்டார் வாங்கி நானே மாட்டினேன். இரண்டு வயரும் ஒரே கறுப்பு. சேர்த்தேன், சுற்றியது. சுற்றினால் போதாதா என்ன?

பத்து நாளில் அண்ணாச்சி திரும்பி வந்தார். ஏசி குளிரவில்லை, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறுகிறது என்றார். நான் கேஸ் ஏற்றினேன். அளவுமானியில் முள் எக்கச்சக்கமாக ஏறி நின்றதைப் பார்த்தும், மே மாத வெயில் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவ அனுப்பினோம். சயான் வரை ஓட்டிப் பார்த்தால் ஜில்லென்றுதான் இருந்தது. மூன்றாம் முறை வந்தபோது அவர் முகமே சரியில்லை. பார்ட்டிக்குப் போன சேட் வியர்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். வண்டியை நிறுத்திவிட்டு இவர் ஏசியைப் போட்டுத் தூங்கித்தான் அதைக் கெடுத்துவிட்டார் என்று சேட்டுக்குச் சந்தேகம். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு டிரைவர் என்று சொல்லிவிட்டாராம்.

"சிக்னல்ல நின்னாத்தான் இந்தக் கூத்து பாய். ஓடிக்கிட்டு இருந்தா ஒரு கொறையும் இல்ல. நானும் முதல்லேருந்து சொல்லிக்கிட்டேதான இருக்கேன்" என்றார்.

சொல்லிக்கொண்டேதான் இருந்தார். டிரைவர் சொல்வதை எந்த மெக்கானிக் காதில் வாங்கினான்? அந்தக் கர்வம் எனக்கு உன்னைவிட இரண்டு பங்கு அதிகம்.

அன்றும் வெள்ளிக்கிழமை. நான் தொழுதுவிட்டு வந்த நேரம், லோபான் போடும் பெரியவர் சட்டியோடு உள்ளே வந்தார். இன்ஜின் ஓட, ஏசி ஓட, அந்த அம்பாசடரின் முன்னால் குனிந்து புகை காட்டினார். புகை அத்தனையும் திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது. இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நான் அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். நீ அவர் கையிலிருந்த சட்டியை வாங்கி மறுபடியும் வண்டிக்கு முன்னால் நீட்டினாய். புகை இந்த முறை உன் மூக்குக்கண்ணாடியில் வந்து அடித்தது. நீ சிரிக்க ஆரம்பித்தாய்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இன்ஜினோடு ஓடும் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, நான் மாட்டியது அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ஜெயித்துவிடும், சிக்னலில் நின்றால் இரண்டும் மல்லுக்கட்டும். இரண்டு வயரை இடம் மாற்றினால் முடிந்தது வேலை. அண்ணாச்சி வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் உன் காதோரம் வந்து, வயரை மாற்றிவிட்டுப் பேசாமல் பானட்டை மூடிவிடுவோம், கேஸ் குறைந்திருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். ஏசி குளிரவில்லை என்றால் கேஸ் இல்லை என்று சொல்வதுதானே ஊர் வழக்கம்?

நீ வயரை மாற்றினாய், அதிகமாய் ஏற்றியிருந்த கேஸை என்னையே இறக்கச் சொன்னாய். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "வண்டி சரியாயிடும் பாய். அவர் சரியாக மாட்டாரே. சேட் மனசுல ஏசியைக் கெடுத்தவர் அண்ணாச்சிதானே."

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்காவது ஒப்புக்கொள்கிறேன். தப்பு செய்தவன் நான், யோக்கியன் பட்டம் உனக்கா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் அந்த வண்டியில் பின்சீட்டில் ஏறினேன். செம்பூர் போகும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். ஏசி மட்டும் நன்றாகக் குளிர்ந்தது.

சேட் வாசலுக்கே வந்தார். நீ இந்தியில் நிதானமாகச் சொன்னாய்: ஃபேன் திசை மாறி மாட்டப்பட்டிருந்தது, தவறு எங்கள் கடையுடையது, டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாட்டியது யார் என்று அவர் கேட்டார். கடைதான் என்று மறுபடியும் சொன்னாய். என்னை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் பிடிவாதமாக இருந்திருப்பேன்.

"மைனே லகாயா, சேட்" என்றேன். நான்தான் மாட்டினேன்.

சேட் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டார். இறங்கியபோது நம்மைப் பார்க்காமல், நாளைக் காலை ஒன்பது மணிக்கு வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒன்பது மணி என்ற சொல்லைக் கேட்டு அண்ணாச்சி கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே நிற்கிறது. அவர் மனைவி பின்னறையில் நமக்கு டீ போட்டுக் கொடுத்தார். இஞ்சி அதிகம். நீ இரண்டு கிளாஸ் குடித்தாய்.

சேட் அப்புறம் இரண்டு வருடம் வண்டியை நம்மிடம் அனுப்பவில்லை. ஆனால் செம்பூர் டிரைவர்கள் எல்லாம் தங்கள் முதலாளிகளைச் சரிக்கட்டி நம் சந்துக்கே வந்தார்கள். உனக்கோ என்னைக் கிண்டல் பண்ண ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. நான் எதையாவது மழுப்பும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்து, "பாய், புகை உள்ள போறதா?" என்பாய். என் மனைவியின் முன்னால்கூடக் கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் உன் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்த மத்தியானம் நான் அதையே உன்னிடம் கேட்டேன். போறது பாய் என்று சொல்லிச் சிரித்தாய். நன்றாகத்தான் வாழ்ந்தோம், சாமி.

இன்று பானட் தூக்கி நின்ற காரைப் பற்றிச் சொல்லவில்லையே. போன வாரம் நானே பார்த்து அனுப்பிய வண்டி. ஃபேனின் பிளக்கைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறேன், எழுபதை நெருங்கும் கை. பாம் பீச் ரோட்டில் சூடேறி நின்றிருக்கிறது. சாத்தாராக்காரர் ஒருவர் அதன் டிரைவர், காலையிலிருந்து முதலாளியிடம் போனில் திட்டு வாங்கியபடி கடை ஓரமாக நின்றார். பிளக்கை அழுத்திவிட்டேன். புகையும் உள்ளே போனது. அவரிடமிருந்து போனை வாங்கி, அவர் முதலாளியிடம், என் கைத்தப்பு, உங்கள் டிரைவர் மேல் குற்றமில்லை என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன், சாமி. வண்டியும் சரியாயிற்று, அவரும் சரியானார்.