மடித்த விரிப்புகளும் என் தலையாட்டலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நேற்று ஒரு கூத்து. இஸ்திரி போட்டு மடித்த விரிப்புகளைக் காட்டி, சூப்பர்வைசர் அம்மா "புட் தெம் அவே" என்றார். எனக்கு 'புட்' தெரியும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால் தெரியாது. வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, அத்தனையையும் மறுபடி மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டேன்! அலமாரியில் அடுக்கச் சொன்னாராம்.

"இனிமே புரியலன்னா தலையாட்ட மாட்டேன், செஞ்சு காட்டுங்க" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். இன்று 'புட் இட் ஆன்', 'புட் இட் பேக்', 'புட் இட் டவுன்' மூன்றையும், போட்டுக்கொள்வது, திரும்ப வைப்பது, கீழே வைப்பது என்று கையால் செய்தே கற்றேன். ஒரு வாலையும் விடப்போவதில்லை.

போனில் நீ "சாப்டியா?" என்றபோதெல்லாம் நான் போட்ட 'ம்' கூட அந்தத் தலையாட்டல்தான், அம்மா; பாதி நாள் சரியாகச் சாப்பிட்டதே இல்லை. சோறு குழையாமல் வடிப்பது எப்படி என்று எழுதி அனுப்பு.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்